வெயில் எவ்வளவோ அவ்வளவு சாயம்

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியதும் என்னை எதிர்கொண்டு அழைத்தது என் பாவாவின் பெயர்தான். ஆள் வரவில்லை. ஜட்காக்காரரிடம், "சாயப்பட்டறை முனிரத்தினம் வீடு" என்றேன். அதுவரை என் கைக்கடிகாரத்தையும் தோல்பெட்டியையும் பார்த்து மனசுக்குள் வாடகையை ஏற்றிக்கொண்டிருந்தவர் சட்டென்று கீழே குதித்து, பெட்டியைத் தானே தூக்கி வைத்தார்.

"மொதல்லியே சொல்லக்கூடாதா சார்? நம்ம மொதலாளி வூட்டு ஆளா நீங்க?"

கடல் தாண்டிப் போய், நாய் படாத பாடுபட்டுக் கடை வைத்து, சங்கிலி போட்டு, செண்ட் அடித்துக்கொண்டு வந்து இறங்கியவன் நான். எனக்குக் கிடைத்த முதல் மரியாதை என் அக்கா புருஷன் பேரில் வந்தது. ஜட்கா கிளம்புவதற்கு முன்பே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பாதி வழியில் குதிரை நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றபோது, அதுவும் பாவாவிடம் அனுமதி கேட்கிறதோ என்று நினைத்தேன்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் பினாங்கில் எனக்குக் கைலிக் கடை. நூல் வாங்கிச் சாயம் தோய்த்து, பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தறிக்காரர்களிடம் கொடுத்து, நெய்த கைலியை வாங்கி அனுப்புவது பாவாவின் தொழில். அவர் அனுப்புவதை நான் விற்பேன். அந்த வருஷம் கிளந்தான் பக்கத்து மொத்த வியாபாரி ஒரு சீனத் தவுக்கே (முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வோம்) சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட கைலி கேட்டிருந்தார். வழக்கமாக வாங்குவதில் மூன்று மடங்கு. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் கைக்கு வந்தாக வேண்டும். கொடுத்தால் அவருடைய கடைகள் எல்லாம் இனிமேல் என் கையில். கொடுக்காவிட்டால் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்விடுவார், பழைய வியாபாரமும் அவர் பின்னாலேயே போய்விடும். இதைப் பாவாவிடம் நேரில் பேசி முடிக்கத்தான் பயணம்.

வாசலில் கால் வைத்ததும் அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். ரயில் புகையும் வெயிலும் சேர்ந்து தொண்டை காய்ந்து கிடந்தது. மூச்சு விடாமல் குடித்தேன். பினாங்கில் குழாயைத் திறந்தால் மருந்துக்கடை வாசனை வரும். இது இளநீர்மாதிரி இறங்கியது.

"எந்தத் தண்ணிக்கா?"

"நம்ம பட்டறைக் கெணறுதான்."

"சாயப்பட்டறைக் கிணத்துத் தண்ணியையா எனக்குக் குடுத்தே?"

"ஆங். நாங்க குடிக்கிறோம், நீ குடிச்சா ஆவாதா? பினாங்கு துரை!" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். லோகநாயகி என்று பெயர் வைத்ததற்குப் பொருத்தமாக, உலகத்தில் யாருக்கும் பயப்பட மாட்டாள்.

ஆடி மாதம். மத்தியானம் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். பினாங்கில் வாழையிலையில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டுப் பழகிய வயிறு முதலில் முறைத்தது. இரண்டாவது கிண்ணத்தில் சமாதானமானது. பாவா வந்தார். அதே வெள்ளை வேட்டி, அதே முண்டா பனியன், முழங்கை வரை சிவப்பு. முதலாளியாகி இத்தனை காலமாகியும் கையை நனைக்காமல் அந்த மனுஷனால் இருக்க முடியாது.

"இன்னா மச்சான், எப்படி கீற? இளைச்சுப்புட்டியே" என்றார். நான் இளைக்கவில்லை. தொப்பை போட்டிருந்தேன். அவருக்குத் தொப்பை இல்லை. அதையும் கவனித்தேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். முன்கட்டில் அடுப்புகள், பெரிய அண்டாக்கள், கழிகளில் தொங்கிச் சொட்டும் நூல் சிட்டங்கள், ஆவி, காரநெடி. இதெல்லாம் எல்லாச் சாயப்பட்டறையிலும் இருப்பதுதான். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டேன். ஒரு ஏக்கருக்குக் குறையாமல் சிமெண்டுப் பாத்திகள். முழங்கால் ஆழம்கூட இல்லை. ஒன்றில் சிவப்புத் தண்ணீர், ஒன்றில் பச்சை, ஒன்றில் காய்ந்து வெடித்த கறுப்பு. பாவா கையில் ஒரு குச்சியுடன் பாத்தி பாத்தியாக இறங்கி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல எண்ணூர் பக்கம் உப்பளத்தைப் பார்த்தேன். கடல் தண்ணியே காயுது, சாயத் தண்ணி காயாதான்னு தோணுச்சி" என்றார். "கழிவுத் தண்ணி ஒரு சொட்டு வெளிய போவாது. எல்லாம் வெயில்ல காயணும். நேத்து வுட்டது எவ்ளோ காஞ்சிருக்கோ, இன்னிக்கி அவ்ளோதான் நூலு தோய்ப்போம்."

"மழை பேஞ்சா?"

"தூங்குவோம்."

வானத்தைப் பார்த்து வேலை சொல்கிற குடியானவர்களைத் திருவாலங்காட்டுக் கரும்புக் காட்டில் பார்த்திருக்கிறேன். வானத்தைப் பார்த்து வேலை சொல்கிற ஆலை முதலாளியை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று ஒரு எரிச்சல். எனக்குப் பட்டறையே கிடையாது, தோன்றி என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம். எரிச்சல் அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது?

"பெரிய தர்மம் பாவா" என்றேன். கொஞ்சம் குத்தலாகத்தான்.

"தர்மமும் இல்ல, மண்ணும் இல்ல. நல்ல தண்ணி இருந்தாத்தான் செவப்பு செவப்பா நிக்கும். கெணறு பூட்ச்சின்னா தொழில் பூட்ச்சி. நான் லாபத்துக்குத்தான் மச்சான் பண்றேன்." அவர் அப்படிச் சொன்னது இன்னும் மோசம். புண்ணியம் தேடுகிற ஆள் என்றால் ஒரு கும்பிடு போட்டு ஒதுக்கிவிடலாம். இவர் என்னைப்போல வியாபாரி என்கிறார். அப்படியானால் இரண்டு பேரையும் ஒரே தராசில்தானே வைப்பார்கள்!

அங்கேயே ஆர்டரைச் சொன்னேன். பெருநாள், தவுக்கே, மூன்று மடங்கு. பாவா குச்சியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"மூணு மடங்கா? அதுக்கு நீ சூரியனாண்ட ஆர்டர் குடுக்கணும்."

"பாவா, விளையாடாதீங்க. எனக்கு இது வாழ்வா சாவா."

"ஒரு மடங்கு பெருநாளுக்கு முன்ன தரேன். மிச்சம் ரெண்டு மடங்கும் தைக்குள்ள தரேன். வேணாம்னா சொல்றேன்? டைம் குடு மச்சான், துணி குடுக்கறேன்."

"பெருநாள் தைக்குக் காத்துகினு இருக்குமா?" பினாங்கில் மறந்திருந்த பேச்சு கோபத்தில் திரும்பி வந்தது. பாவா குச்சியைத் தூக்கிக்கொண்டார். அடுத்த பாத்தியில் இறங்கிவிட்டார்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தேன். இந்த ஊர் டீக்கடையில் ஒரே பெஞ்சில் தமிழும் தெலுங்கும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருவர் தெலுங்கில் கேட்பார், மற்றவர் தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் அது தெரியவே தெரியாது. சிவப்புத் துண்டு போட்ட ஒரு தோழர் வடைகறியில் இட்லியைத் தோய்த்துக்கொண்டு, முதலாளித்துவம் மனுஷனையும் தின்னும் மண்ணையும் தின்னும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேட்கச் சுகமாக இருந்தது. பாவா மேலிருந்த கோபத்தில் நானும் தலையாட்டினேன்.

எதிரே இருந்த பீடிக்காரர் தெலுங்கில் மறித்தார். அவர் கேட்டது இது: "எல்லா முதலாளியும் அப்படித்தான் என்கிறாயே, நம் சாயப்பட்டறை முனிரத்தினம்?"

தோழர் இட்லியை விழுங்கிக்கொண்டார். "அவரு விதிவிலக்குப்பா. அவரை வுட்டுடு. விதிவிலக்கை வெச்சி சட்டம் எழுத முடியாது."

முதலாளிகளை ஒழிக்க வந்த ஆள்கூட என் பாவாவைத் தனியாக எடுத்து ஓரமாக வைக்கிறான்! டீ கசந்தது. காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் செய்த வேலை எந்தச் சுற்றுலாப் பயணியும் செய்யாதது. மலை ஏறி முருகனைப் பார்த்ததைவிட, பாவாவிடம் என்ன குறை இருக்கிறது என்று தேடியதே அதிகம். படியேறும்போதுகூட அதே ஞாபகம். கீழே குளம், சுற்றிலும் வரிசையாகக் குன்றுகள், தூரத்தில் அரக்கோணம் போகும் ரயில், எல்லாம் அழகாகத்தான் இருந்தன. என் கண் பட்டறைக் கூரையைத் தேடியது. அங்கிருந்து பார்க்க, சிவப்பும் பச்சையும் கறுப்புமாகப் பாத்திகள், யாரோ துப்பட்டியை உலர்த்தப் போட்டதுபோல் கிடந்தன.

தேடியவனுக்குக் கிடைக்காமல் போகவில்லை. பட்டறையில் தேவதாஸ் என்று ஒரு சாயத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு வந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"மொதலாளி நல்லவருதாங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் கட்டாயம் ஏதாவது சொல்வார்கள். "ஆனா மேகம் போட்டா வேலை இல்ல. ஐப்பசி, கார்த்திகைல மாசத்துல பாதி நாள் சும்மா ஒக்காந்துகினு கீறோம். அரைக்கூலி குடுக்கறாரு, இல்லேன்னு சொல்லல. அரைக்கூலில அரை வயிறுதானே சார் நெறையும்? எல்லையோரம் கன்னியப்பன் பட்டறைல பாருங்க, மழைன்னாலும் அடுப்பு அணையாது."

எனக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதுபோல் இருந்தது. சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. கிணறு தப்பித்தது, தொழிலாளி தப்பிக்கவில்லை. ஆஹா!

இன்னொன்றும் கிடைத்தது. பட்டறைக் கோடியில் பூட்டிய ஓட்டுக் கொட்டகை ஒன்று. தேவதாஸிடம் கேட்டுச் சாவி வாங்கித் திறந்தேன். தரையிலிருந்து கூரை வரைக்கும் சாக்கு மூட்டைகள். பாத்தியில் காய்ந்த சாய மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் கட்டி அடுக்கியிருந்தார்கள். மூக்கில் ஏறிய காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. தும்மிக்கொண்டே வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டில் கோங்கூராத் துவையல். அக்கா பரிமாற, பாவா பிசைந்துகொண்டிருந்தார். நான் கொட்டிவிட்டேன்.

"பாவா, உங்க கிணறு சுத்தம், நான் ஒத்துக்கறேன். தேவதாஸ் வயிறு? அவன் பாதி மாசம் பட்டினி கிடந்து உங்க தண்ணியைச் சுத்தமா வெச்சிருக்கான். அந்தக் கொட்டகையில இருக்கற மூட்டைங்களை என்ன பண்ணப் போறீங்க? இன்னிக்குப் பூட்டு போட்டு வெச்சிருக்கீங்க. உங்க புள்ளை காலத்துல? பேரன் காலத்துல?"

பாவாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. கோபித்துக்கொள்வார், எழுந்துபோவார், இரண்டில் ஒன்று நடக்கும் என்று காத்திருந்தேன். எதிலாவது அவர் என்னைப்போல ஆகமாட்டாரா என்றிருந்தது.

"தெரியல மச்சான்" என்றார். "அந்த மூட்டையை இன்னா பண்றதுன்னு எனக்கு மெய்யாலுமே தெரியல. சென்னப்பட்டணத்துல ரெண்டு மூணு பேராண்ட கேட்டேன். யாருக்கும் தெரியல. கொட்டறதுக்கு மனசு வரல, அதான் அடுக்கி வெச்சிகினு கீறேன். தேவதாஸ் விசயம்..." சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "அவன் சொல்றது நியாயம்தான். விலையை ஏத்தினா முழுக்கூலி குடுக்கலாம். விலையை ஏத்தினா நீ வாங்குவியா?"

நான் வாங்கமாட்டேன். பக்கத்துத் தெருக் கடைக்காரன் மலிவாக விற்பான். கோங்கூராவைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

பாவா கை கழுவப் போனதும் அக்கா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "உனக்கு வயித்தெரிச்சல்டா. சின்ன வயசுலேர்ந்து உனக்கு அடுத்தவன் தட்டுல கீறதுதான் பெருசா தெரியும். நைனா உயிரோட இருந்தா இன்னிக்கி உன்னை வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பாரு." அக்காவிடம் பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. "ஆமாம், எரியுது. இப்ப நான் என்ன பண்ண? வெறுங்கையோட திரும்பினா என் கடை போயிடும்" என்றேன். அவள் முகம் மாறியது. என் கடைக்காக அவளும் விரதம் இருந்தவள்தான். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் பஸ் ஏறி எல்லையோரத்து ஊருக்குப் போனேன். கன்னியப்பன் பட்டறை அங்கேதான். பஸ்ஸில் ஆட்களைவிடக் கீரைக்கட்டும் தறிச் சாமானும் அதிகம். என் மடியில் யாருடைய கோழியோ உட்கார்ந்து வந்தது. ஊருக்கு முன்னால் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. பினாங்கில் இப்படி நின்றால் ஆளாளுக்குக் கத்துவார்கள். இங்கே எல்லாரும் இறங்கி, நிழல் பார்த்து உட்கார்ந்து, வெற்றிலையைப் பிரித்தார்கள். கண்டக்டர் டின்னை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். மொண்டு வந்தது குங்குமத்தைக் கரைத்ததுபோல் சிவப்பு.

"இதையா ஊத்துவீங்க?" என்றேன்.

"எஞ்சினுக்கு ஊத்தலாம் சார், அது வாயில்லா ஜீவன், ஒன்னும் சொல்லாது" என்றார் கண்டக்டர். "மாட்டுக்குத்தான் காட்டக்கூடாது."

பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி, "நேற்று பச்சை, இன்றைக்குச் சிவப்பு" என்றாள். இன்னொருத்தி, "வெள்ளிக்கிழமை கன்னியப்பன் மஞ்சள் விடுவான், முகத்துக்குப் பூசிக்கொள்ளலாம்" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கன்னியப்பன் என் வயதுக்காரர். வாசலுக்கே ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உட்காரவைத்ததும் குளிர்ந்த சோடா வந்தது, பிறகு இன்னொரு சோடா. விசைத்தறிகள் காதைப் பிளந்தன. ஆணும் பெண்ணுமாக ஊரே அங்கே வேலையில் இருந்தது. வீடுகளுக்கு மேலே புதுத் தகரம், வாசலுக்கு வாசல் ரேடியோ. ஒரு சோம்பேறியைக்கூடப் பார்க்க முடியவில்லை. மேகம் போட்டிருந்தது, யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"மூணு மடங்கா? நாலு மடங்கு கேளுங்க சார், பெருநாளுக்கு ரொம்ப முன்னயே கப்பல்ல கெடக்கும்" என்றார் கன்னியப்பன். இரண்டு சோடா குடித்தும் எனக்குத் தாகம் அடங்கவில்லை. தண்ணீர் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சங்கடம். "கொஞ்சம் இருங்க சார், வண்டி வர்ற நேரம்தான்" என்றார். மாட்டுவண்டியில் பீப்பாய் வந்தபோது தெருவே குடத்தோடு ஓடியது. கிணறு வீட்டுப் பின்னாலேயே இருந்தது. அதன் மேல் பலகை போட்டு மூடி, பலகை மேல் நூல் காயப்போட்டிருந்தார்கள்.

குடத்தோடு நின்ற ஒரு பெண்ணிடம், இது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். அவள் தெலுங்கில் சொன்னதை அப்படியே தருகிறேன். "தண்ணீர் கெட்டது உண்மைதான். ஆனால் கன்னியப்பன் வந்த பிறகுதான் என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நல்ல தண்ணீர் இருந்த காலத்தில் என் அம்மா எனக்குத் தண்ணீரை மட்டும்தான் கொடுத்தாள்."

டீக்கடைத் தோழர் இருந்திருந்தால் இதற்கு ஏதாவது சொல்லியிருப்பார். நான் வியாபாரி. ஆர்டரைக் கொடுத்தேன், முன்பணத்தையும் கொடுத்தேன். முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: சரக்கு சொன்ன நாளுக்கு முன்பே பினாங்கு வந்து சேர்ந்தது, தவுக்கே என் முதுகில் தட்டினார், என் கடை இரண்டு கடையானது.

திருத்தணிக்குத் திரும்பி, மறுநாள் சாயங்காலம் பாவாவிடம் சொன்னபோது அவர் சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். "நல்லதுதான். உனக்கும் பொழப்பு கீதுல்ல" என்றார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தேவதாஸ் காலைல வந்து சொல்ட்டுப் போனான். கன்னியப்பனாண்ட ரெண்டு மாசம் வேலைக்குப் போறானாம். அங்க பெரிய ஆர்டர் வந்துகினு கீதாம்" என்றார். அது என் ஆர்டர். இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்குத் திருத்தணியில் ரோடு தெரியாது, பூதான் தெரியும். பூக்காவடிகள் மல்லிகையும் சாமந்தியுமாக ஆடிக்கொண்டே போகும். மொட்டைத் தலைகளில் சந்தனம். தார் ரோடு கொதிக்க, செருப்பில்லாத கால்கள் ஒரு வெள்ளமாக மலையை நோக்கிப் போகும். பினாங்கில் தைப்பூசத்தை ஆண்டுதோறும் பார்க்கிறவன் நான். அங்கே காவடி தூக்குகிறவனைச் சுற்றிக் கேமராவோடு வெள்ளைக்காரர்கள் நிற்பார்கள். இங்கே காவடியைச் சுற்றிக் கைக்குழந்தையும் கட்டுச்சோற்று மூட்டையும்தான்.

பட்டறை வாசலில் பாவா தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார். புதுப் பானைகள், வெட்டிவேர், தென்னங்கீற்று. காலையில் அக்கா ஒரு புது வேட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். அப்போதுதான் இந்தப் பந்தலுக்கு ஒரு முறை இருப்பதைச் சொன்னாள். பானைகளைப் பட்டறைக் கிணற்றிலிருந்து ஊர் பார்க்க நிரப்புவார்கள். அந்தப் பருவத்துக்கு மிகப் பெரிய ஆர்டர் கொடுத்தவர் முதல் டம்ளரைத் தெருவில் நின்று குடிக்க வேண்டும். அவர் குடித்த பிறகுதான் காவடிக்காரர்களுக்கு ஊற்றுவார்கள். "நீ ஊர்ல இல்ல, போன வருசம் சென்னப்பட்டணத்துச் சேட்டு ஒருத்தர் கண்ணை மூடிகினு குடிச்சாரு. தெருவே சிரிச்சுது. யாரால அழுக்காவுதோ அவங்க குடிக்கட்டும்னு உங்க பாவா வெச்ச ஏற்பாடு" என்றாள்.

வீட்டு மாப்பிள்ளைமாதிரி வேட்டி கட்டிக்கொண்டு பந்தலில் போய் நின்றேன். பல வருஷமாகப் பாவாவின் பெரிய கை நான்தானே? அதுவும் இல்லாமல், அந்தத் தெரு முழுக்க என்னைப் பார்க்கப்போகிறது என்கிற ஆசை. வந்த நாளிலிருந்து எல்லாக் கண்ணும் பாவா மேல்தான், இன்றைக்கு ஒரு டம்ளர் நேரமாவது என் மேல் விழட்டும். மேளம் நின்றது. பாவா பித்தளை டம்ளரில் மொண்டார். நான் கையை நீட்டினேன்.

அவர் கொடுக்கவில்லை.

"மச்சான், இந்தப் பருவத்துல உன் பெரிய வேலை இங்க நடக்கல" என்றார். குரலில் கோபமில்லை. துணிக்கு அளவு சொல்வதுபோல் சொன்னார். "கன்னியப்பனாண்ட நடக்குது. உன் மொதல் டம்ளர் அங்கதான் கீது."

பிறகு அரக்கோணத்திலிருந்து வந்திருந்த ஒரு துண்டு வியாபாரியைக் கூப்பிட்டார். ஒல்லி ஆள், பொத்தான் போன சட்டை. அவர் டம்ளரை வாங்கி அண்ணாந்து கடகடவென்று குடித்தார். தெரு "அரோகரா" போட்டது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பூக்காவடி வந்து நின்றது. காவடிக்குக் கீழே மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கன்னியப்பன். அத்தனை தூரமும் நடந்தே வந்திருக்கிறார், பாதம் இரண்டும் வெந்து போயிருந்தன. பாவா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஐயோ, இன்னாண்ணே இப்படிச் சொல்ட்டீங்க? எங்க கெணத்துல குடிச்சா சார் கப்பல் ஏற மாட்டாரு!" என்று சிரித்தார். "எனக்கே நாக்கு ஒட்டிகினு கீது. மொதல்ல ஊத்துங்கண்ணே."

தெரு கொல்லென்று சிரித்தது. பாவாவும் சிரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன். கன்னியப்பன் டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "செவப்பு அருமையா வந்திருக்கு சார். போறதுக்கு முன்ன ஒருவாட்டி வந்து பாருங்க" என்றார். அவர் மனைவி கொண்டுவந்திருந்த கூஜாவை, ஊரில் இருக்கும் குழந்தைக்கு வேண்டும் என்று, பாவாவிடம் நீட்டினாள். பாவா அதைத் தானே கழுவி, தளும்ப நிரப்பிக் கொடுத்தார். கன்னியப்பனுடைய ஊரிலிருந்து இன்னும் எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, உள்ளே திரும்பி, "இன்னும் ரெண்டு பானை ரொப்புங்கப்பா" என்று குரல் கொடுத்தார்.

"மரம்மாதிரி நிக்கறியே, ஊத்துடா" என்று அக்கா ஒரு செம்பை என் கையில் திணித்தாள்.

ஊற்றினேன். வெயில் சாயும்வரை ஊற்றினேன். நீட்டிய கைகளில் சிவப்புக் கறையோடு வந்தவர்கள் நிறையப் பேர். என் கைலிக்குச் சாயம் தோய்த்துவிட்டு நேராக வந்தவர்கள். யாருக்கும் என்னைத் தெரியாது. "நல்லா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வாழ்த்தும் பாவா கிணற்றுக்குத்தான் சேரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, பாவா உள்ளே போயிருந்த நேரம் பார்த்து, கடைசிப் பானையைச் சாய்த்து ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டேன். ஒரேயடியாக விழுங்கவில்லை. வாயில் வைத்திருந்து, நாக்கால் துழாவிப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு மூலையில் கரிக்கிறதா, சாயக் காரம் ஒரு துளியாவது இருக்கிறதா என்று.

இல்லை. கொஞ்சம் கரித்திருந்தால் அந்த மனுஷனை மன்னித்திருப்பேன்.